பதினாலாம் பக்கத்துப் பூனை

ஸ்டூடியோவில் அவளுக்குப் பளிச்சு என்று பெயர். பாஸ்போர்ட் படம் எடுக்க யார் எப்படிப்பட்ட முகத்தோடு வந்தாலும், கணினியில் பருவைத் துடைத்து, நெற்றியில் பறக்கும் முடியை நீக்கி, பளிச்சென்று அனுப்பிவிடுவாள். மூன்று வருடப் பழக்கம். கண் பார்க்குமுன் கை வேலையை முடித்திருக்கும்.

பூனைப் படங்கள் அவள் தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலை. குழந்தைகளுக்கான அறிவியல் புத்தகம். எழுதியவர், அவளிடம் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு விலங்கு மருத்துவர். பூனை சரியாக வந்தால் முயல், கிளி, ஆமை எல்லாம் அவளுக்கே என்று சொல்லியிருந்தார். அத்தை வீட்டுச் சாம்பல் பூனையை ஒரு ஞாயிறு முழுக்க விளக்கு வைத்து எடுத்து, நாற்பது படங்களுக்கும் எண் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று முறை சரிபார்த்து அனுப்பினாள்.

புதன்கிழமை டாக்டர் கூப்பிட்டார்.

"படமெல்லாம் நல்லாயிருக்கும்மா. பதினாலாம் பக்கம்தான் இடிக்குது. மீசை முடி வாய்கிட்ட மட்டுமில்ல, கண்ணுக்கு மேலயும் இருக்குன்னு எழுதியிருக்கேன். உன் பூனைக்கு அங்க ஒண்ணுகூட இல்லையே?"

"அது... நெத்தியில ஏதோ முடி பறக்குதுன்னு எடுத்துட்டேன் டாக்டர்."

"பூனைக்குப் பாஸ்போர்ட்டா எடுக்கப் போறோம்? துடைக்காத படத்தை அனுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். இல்லன்னா முன்னாடி படம் எடுத்துக் கொடுத்த ஆளைத்தான் கூப்பிடணும்."

துடைக்காத படம் இல்லை. துடைத்ததை அதன் மேலேயே சேமித்துவிட்டு மெமரி கார்டை அழிப்பது ஸ்டூடியோ வழக்கம். மூன்று முறையும் அவள் தன் தப்பைத்தான் சரிபார்த்திருக்கிறாள்.

அன்று மாலை அத்தை கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மறுபடியுமா? நீ போனதுலருந்து ரெண்டு நாள் பீரோவுக்குப் பின்னாலயே கிடந்துச்சுடி. உன் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு நேரம் போஸ் கொடுக்க மாட்டேன்."

"தப்பு என்னோடது அத்தை. புருவ முடியைத் தூசின்னு நினைச்சு அழிச்சிட்டேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேளை, மூக்கை மச்சம்னு நினைக்கல. காலையில வா. விளக்கு கிடையாது. அதுவா வந்தா எடு, வரலைன்னா நடையைக் கட்டு."

வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஜன்னலோரம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு காது தெரிந்தது. எட்டு மணிக்கு இன்னொரு காது. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூனை நேரே வந்து லென்ஸை மோந்து பார்த்தது. பிறகு தள்ளிப்போய் வெயிலில் உட்கார்ந்தது. நான்கு படங்கள்தான் தேறின. மூன்றாவதில், கண்களுக்கு மேல் ஆறு முடிகள் கம்பி மாதிரி நின்றன.

கணினியில் திறந்ததுமே கை தானாக அழிக்கும் பிரஷை எடுத்துவிட்டது. காதில் ஒட்டடை. கண்ணோரம் பீளை. எது பூனை, எது அழுக்கு என்று இப்போது எதைப் பார்த்தாலும் சந்தேகம். கையை மடியில் வைத்துக்கொண்டாள். தொடாமலே அனுப்பி, இந்த இரண்டையும் எடுக்கலாமா என்று கேட்டு எழுதினாள்.

மதியம் பதில் வந்தது. ஒட்டடையை எடுக்கலாம். பீளை இருக்கட்டும், பூனையே துடைத்துக்கொள்ளும். முயலை எப்போது ஆரம்பிக்கிறாய்?