ஒரு அளவு பெரிசு

...ஒரு விரல்கூட உள்ளே போகக்கூடாது மேடம் என்று கடைக்காரர் குருமூர்த்தி சொன்னபோது வசந்தமலர் தன் விரல்களைத்தான் குனிந்து பார்த்தாள், மகளின் அந்தப் பழைய கிரிக்கெட் ஹெல்மெட்டுக்குள் இந்த விரல்கள் மூன்றும் தாராளமாகப் போய் வந்தனவே, அதைப் பார்த்து நல்லது, ரெண்டு வருசத்துக்குக் காணும் என்று சந்தோசமும் பட்டாளே... வளருற பிள்ளைக்கு எதை வேண்டினாலும் ஒரு அளவு பெரிசாக வேண்டுறதுதானே முறை, சப்பாத்தென்றால் நுனிக்குப் பஞ்சு, பள்ளிக்கூடக் கோட்டென்றால் கையை உள்ளுக்கு மடிச்சு ஒரு தையல், லண்டன் ஹரோவில் டிரைகிளீனிங் கடையின் பின்னறையில் பதினொரு வருசமாக ஊராற்ற உடுப்பை ஏத்தி இறக்கித் தைக்கிற கை இது, எந்தத் துணியைக் கண்டாலும் உள்ளுக்கு ரெண்டு அங்குலம் விடும், பிறகு அவிழ்த்துக்கொள்ளலாம் என்று. மண்டையில் எதை அவிழ்க்கிறது? பழையதை வேண்டின அந்த முதல் கடையில் நின்ற பெட்டை வடிவாகச் சொன்னாள், இது பெரிசு, ஆடும் என்று, உனக்கென்ன தெரியும் பிள்ளை வளர்ப்பு என்று மனதுக்குள் சிரித்தது ஆர்? வீட்டுக்கு வந்து, ஆரோ ஒரு வெள்ளைக்காரியின் கோட்டில் கழற்றி வைத்திருந்த தோள்பஞ்சு இரண்டை எடுத்துப் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, இப்ப பார், அளவெடுத்துத் தைச்சது மாதிரி என்று மகளின் தலையில் கவிழ்த்தது ஆர்?

ஆரணிக்குப் பதினாலு வயது. பிள்ளை தலையை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தாள், தாங்ஸ் அம்மா என்றாள், அவ்வளவுதான். பேந்து மே மாசம் அந்த மைதானத்தில், எதிர்ப்பக்கத்து உயரமான பெட்டை ஓடி வந்து எறிந்த பந்து, டங் என்று ஒரு சத்தம், ஹெல்மெட் பாதி சுழன்று முகத்துக்குக் குறுக்காக நின்றது, கம்பியின் ஓரம் புருவத்தைக் கிழித்துவிட்டது, வசந்தமலர் ஓடிப்போய்ப் பார்க்கும்போது பிள்ளை துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள், மடியில் அந்த ஹெல்மெட். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அதை ஒருத்தரிடமும் குடுக்கவில்லை. பயத்தில் பிடிச்சிருக்கிறாள் என்றுதான் வசந்தமலர் நினைத்தாள்... நாலு தையல். அவளுடைய கண்ணுக்கு அது நல்ல தையல் இல்லை, இடைவெளி கூட, நான் போட்டிருந்தால் தழும்பே தெரியாது என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது, என்ன மனுசியடி நீ. வேலையிலிருந்து நேரே ஓடிவந்த தகப்பன் ஞானேஸ்வரன், என்னெண்டு பட்டது என்று கேட்க, ஆரணிதான் முந்திக்கொண்டாள், நான் பந்தை லேட்டாத்தான் பார்த்தன் அப்பா, என்ர பிழை. வசந்தமலர் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

அண்டைக்குத் தொடங்கினது இவருடைய ஒரே பேச்சு, ஹெல்மெட் போட்டும் புருவம் கிழிஞ்சதெண்டால் இனி என்னத்தைப் போட்டு விளையாடுறது, காணும், விட்டிடு பிள்ளை. அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் தெரிந்தது தனக்கு மட்டும்தான் என்று வசந்தமலர் நினைத்தாள். அடுத்த நாள் காலமை, ஆரும் பார்க்கமுதல் பஞ்சைப் பிய்த்து எறிவம் என்று அவள் ஹெல்மெட்டைத் திருப்பினால் உள்ளே பசைத் தடம் மட்டும்தான் இருந்தது, மைதானத்திலேயே தெறிச்சுப் போயிருக்கும் என்று மூச்சு விட்டாள், மூச்சு விட்டதை நினைக்க இப்பவும் வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு மாவட்ட அணிக்குப் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெட்டையளை எடுக்கிறார்கள், காலமை ஒன்பது மணிக்கு, போகவேண்டாம் என்று இவர் முடிவாகச் சொல்லிவிட்டார். பிள்ளை அழவும் இல்லை. அழுதிருந்தால் வசந்தமலர் இன்று தமிழ் வகுப்பு முடிய அவளை நேரே இந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கமாட்டாள்... வந்துதான் என்ன, உண்மையைச் சொல்லாமல் புது ஹெல்மெட்டோடு வீட்டுக்குப் போனால் இவர் வாசலில் வைத்துக் கேட்கிற முதல் கேள்வியே பழையதுக்கு என்ன பிழை என்றுதானே.

குருமூர்த்தி சென்னைக்காரர், ஐம்பது தாண்டியிருக்கும், வலது சுட்டுவிரல் பந்து பட்டுப் பட்டு வளைந்தே போயிருந்தது. பாருங்க மேடம், தொப்பி விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவுல இந்தப் பந்து நுழையக்கூடாது, என்று ஒரு பந்தை எடுத்து அழுத்திக் காட்டினார், நுழையவில்லை. வசந்தமலர் கைப்பையிலிருந்து தன் அளவு நாடாவை எடுத்து மகளின் நெற்றியைச் சுற்றிப் பிடித்தாள், ஐம்பத்துநாலரை சென்டிமீட்டர், இன்னொரு தரம், ஐம்பத்துநாலரைதான், போனவருசமும் இதுதானே... அடுத்த வருசம் வளருவாளே என்று வாய் நுனிவரை வந்ததை விழுங்கினாள். அடுத்த வருசப் பந்து அடுத்த வருசம்தான் வரும் மேடம் என்றார் அந்த மனுசன், இவள் கேட்காமலே, இப்படி எத்தனை தாய்மாரைக் கண்டிருப்பாரோ. ஆரணி தலையை இடமும் வலமும் ஆட்டினாள், ஹெல்மெட் ஆடவில்லை, தலையோடு தலையாக இருந்தது.

கடையின் பின்பக்கம் வலை கட்டி, பந்து எறிகிற மெசின் ஒன்று வைத்திருந்தார்கள், நாலு பந்து ஆடிப் பாரும்மா என்று அவர் சொல்ல, பிள்ளை பேட்டோடு போய் நின்றாள். வசந்தமலர் வலைக்கு வெளியே, கனகதுர்க்கை அம்மாளே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு. முதல் பந்தை ஆரணி மெல்லத் தட்டினாள், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது கீழே விரித்திருந்த பாயின் மடிப்பில் பட்டு எழும்பி முகத்துக்கே வந்தது... தாய்க்குக் கண் தானாக மூடிவிட்டது, ஹெல்மெட் கம்பியில் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கண்ணைத் திறந்தால் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறாள், ஒரு அடி பின்னால் வைக்கவில்லை, குருமூர்த்தி பதறி மெசினை நிப்பாட்ட ஓட அவள் கையைத் தூக்கி, நோ நோ, இன்னொண்டு போடுங்கோ அங்கிள் என்கிறாள். இது என்ன பிறவி? நாலு தையல் போட்ட அதே புருவத்துக்கு நேரே வந்த பந்தைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றதே, இதை நான்தான் பெத்தனா, கரப்பான் பூச்சிக்குக் கதிரையில் ஏறுகிற நானா? வசந்தமலருக்கு மேல் எல்லாம் புல்லரித்தது, கோயிலில் திரை விலகும்போது வருகிற அதே புல்லரிப்பு, சொந்தப் பிள்ளையைப் பார்த்துக் கும்பிடவேணும் போல இருந்தது.

அம்மா, தண்ணிப் போத்தல், என் பைக்குள்ள, என்றாள் ஆரணி. வசந்தமலர் குனிந்து பையைத் துழாவினாள், துவாய், பழைய கையுறை, அடியில் ஒரு ஒற்றைச் சொக்ஸ், உள்ளே ஏதோ மெத்தென்று, தையல்காரியின் விரலுக்குத் தெரியாததா, வெளியே எடுக்க முதலே தெரிந்துவிட்டது. தோள்பஞ்சு. இரண்டும். ஒன்றில் ரத்தம் காய்ந்து மண்ணிறமாக... அப்ப தெறிச்சுப் போகவில்லை. துவாயால் முகத்தைப் பொத்தினபடி, ரத்தம் ஒழுக ஒழுக, ஒரு கையால் இதைப் பிய்த்து எடுத்திருக்கிறாள், அப்பா வரமுதல், என்ர அம்மாவை ஒருத்தரும் ஒண்டும் சொல்லிப்போடக்கூடாது என்று... பேந்து இந்த ஆறு கிழமையும், தன் விளையாட்டே போகப்போகுதென்று தெரிந்தும், ஒரு சொல் விடவில்லை. என்ர பிழை என்று சொன்ன நேரமும் தெரிந்துதான் சொன்னாள். வசந்தமலர் நிமிர்ந்து பார்த்தாள், ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் ஆரணியின் கண், தாயின் கையில் இருந்த சொக்ஸைப் பார்த்தது, உடனே மெசின் பக்கம் திரும்பிவிட்டது.

கைப்பைக்குள் போன் அடித்தது. இவர்தான். எங்க நிக்கிறியள், வகுப்பு விட்டு எவ்வளவு நேரம் என்றார். வசந்தமலர் பஞ்சை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தாள், ஓம், கடையில நிக்கிறம், இஞ்ச கேளுங்கோ, அந்த ஹெல்மெட் விசயம், பிழை பிள்ளையில இல்லை... என்னண்டு சொல்லுமன் என்றது போன், அவள் வலைப் பக்கம் திரும்பினாள், உள்ளே பிள்ளை அடுத்த பந்துக்குக் காலை அகட்டி அசையாமல் நின்றாள், இப்பிடி நிக்க நான் எங்க போய்ப் பழகுறது என்று தாய்க்குத் தெரியவில்லை.