வீட்ல இடுப்பு ஒடஞ்சிருச்சு

ஞானசேகரனுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெண்டாட்டி பெயர் உமாமகேஸ்வரி. அந்தப் பெயரை மனுஷன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. யாரிடம் பேசினாலும் “வீட்ல”தான். வீட்ல கோயிலுக்குப் போயிருக்காங்க, வீட்ல கோபமா இருக்காங்க.

இப்போது வீட்ல ஆஸ்பத்திரியில். வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன்; நாளை மறுநாள் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குத் திரும்புகிறார். “பாத்ரூம் போகக்கூட ஒரு ஆளு தூக்கிவிடணும்னா நான் என்னத்துக்கு இருக்கேன்?” என்று அவர் அழுததிலிருந்து ஞானசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தானாக எழுந்து இறங்க ஏதுவாக ஒரு கட்டில் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

தேக்கா காப்பிக்கடையில் காப்பியை ஆறவிட்டுவிட்டு, கட்டில் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனிக்குக் குரல் செய்தி அனுப்பினார். “வீட்ல இடுப்பு ஒடஞ்சிருச்சு. நாளைக்கே கட்டில் வேணும்.” அங்கே பதில் சொல்வது மெஷின். பதில் பறந்து வந்தது: மன்னிக்கவும், நாங்கள் வீடு பழுதுபார்ப்பதில்லை.

பொங்கோலில் இருக்கும் மகள் பவித்ரா போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, வீட்லன்னா அந்த மெஷின் ஹவுஸ்னு நினைக்கும் லா! வேற கம்பெனி நம்பர் அனுப்பறேன். ஒய்ஃப்னு சொல்லுங்க, போதும்.”

சொல்வாரா? அடுத்த கம்பெனிக்கும் அதே வாக்கியம்தான்.

“அடடா! உங்க வீட்ல இப்ப எப்படி இருக்காங்க? ஆபரேஷன் ஆயிடுச்சா?”

ஞானசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தம்பிக்கு எந்த ஊரு?”

“ஊர் இல்லைங்க. நான் இந்தக் கம்பெனியோட ஏஐ. நீங்க சொன்னது நல்லாப் புரிஞ்சுது.”

ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று கம்பெனிகளோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசைத் தொலைத்தவர் அவர். இது என்னடா அதிசயம்! எந்தப் பக்கமாக இறங்கச் சொல்லியிருக்கிறார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் சுவர் உண்டா என்று பொறுமையாகக் கேட்டது. கடைசியில், அவங்க உசரம் என்ன?

மனுஷன் திணறிப்போனார். “தெரியலையே.”

“பரவால்லைங்க. பக்கத்துல நின்னா உங்களுக்கு எதுவரைக்கும் வருவாங்க?”

“தோளுக்கு,” என்றார். சொன்னதும் கை தானாகத் தோளைத் தொட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அவருடைய உயரத்தைக் கேட்டு, கணக்குப் போட்டு, கட்டில் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று சொன்னது. “இது என் கணக்குதாங்க. ஆஸ்பத்திரி பிசியோகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. அவங்க சொல்றதுதான் முடிவு.” பிசியோ பார்த்துவிட்டு, ஒரு விரற்கடை ஏற்றச் சொன்னார். மறுநாள் கட்டிலைப் பூட்ட வந்த கம்பெனி ஆள் நூருல் அமீன் அந்த விரற்கடையையும் மறக்காமல் ஏற்றி வைத்தார்.

அடுத்த நாள் உமாமகேஸ்வரி வீட்டுக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. கொஞ்ச நேரம் குனிந்து அதையே பார்த்தார். ஞானசேகரன் பதறிக் கையை நீட்டினார்.

“நீங்க சும்மா இருங்க.” வாக்கரைப் பிடித்து எழுந்தார். முகம் சுளித்தார், ஆனால் எழுந்துவிட்டார். அடிமேல் அடி வைத்து பாத்ரூமுக்குள் போனார்.

“கூட வரட்டுமா?”

“அங்கேயே நில்லுங்க!” கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞானசேகரன் வெளியே நின்று, சத்தம் வராமல் அழுதார்.