கட்டைவிரல் காட்டிய திசை

எங்கள் பழைய இரும்பு யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு வேலை போனதற்குக் காரணம் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். கிரேனில் தொங்கும் மின்காந்தத் தட்டில் அதை ஒட்டவைத்து, கிரேன் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போதே மனிதர் சுவிட்சை அணைத்துவிட்டார். நேராகக் கீழே விழும் என்று நினைத்தாராம். அது போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே முன்னால் பறந்து மேனேஜரின் காருக்குள் உட்கார்ந்துகொண்டது. நல்லவேளை, காருக்குள் யாரும் இல்லை.

மேனேஜர் ஓடி வந்து காரைப் பார்த்தார். ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து உள்ளேயும் பார்த்தார், அது எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிறகு எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இனி கேபினில் உட்காருகிறவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான், இயக்கமும் காந்தவிசையும். எழுத்துத் தேர்வு வைப்பார்கள், அதிக மார்க் வாங்குகிறவருக்குக் கேபின்.

கிரேன் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தவர்கள் யார்டில் இரண்டே பேர். எடை மேடையில் லாரி நிறுக்கும் நான், கேஸ் கட்டரால் இரும்பு அறுக்கும் என் வீட்டுக்காரர்.

எனக்கு அந்தக் கேபின் வேண்டும். அதில் ஏசி இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டால் "எடை எப்படிக் குறைஞ்சுது?" என்று எந்த லாரிக்காரரும் வந்து உயிரை வாங்க முடியாது. மேனேஜரின் வழுக்கையை மேலிருந்து பார்க்கலாம். இதையெல்லாம் நினைத்தால் எனக்குத் தூக்கமே வராது.

சொல்லிக்கொடுக்க வந்தவள் என் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அண்ணனையும் என்னையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காரவைத்துக் கணக்கைப் படித்தாள்.

"இருபது மீட்டர் உயர மாடியிலிருந்து ஒருத்தன் கல்லைக் கீழ விடறான். எத்தனை நொடியில தரையைத் தொடும்?"

"கீழ ஆள் இருக்கான்னு எட்டிப் பார்த்தானா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல அண்ணி."

"அது அவனுக்குத் தெரியுமா?"

"அண்ணி, கணக்கைப் பாருங்க. காத்துத் தடையைப் புறக்கணிக்கவும்னு போட்டிருக்கு."

"காத்து அவனை என்ன பண்ணுச்சு, புறக்கணிக்கறதுக்கு?"

அதற்குள் என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் இரண்டு நொடி என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருந்தார். கல்லைப் போட்டவன்மேல் அவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. இப்படியும் ஒரு மனுஷன்.

ஆனால் காந்தவிசை வந்ததும் நான் குஷியாகிவிட்டேன். அதில் மாடியும் இல்லை, கல்லும் இல்லை. இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரிக்க வேண்டும். ஆள்காட்டி விரலைக் காந்தப்புலத்தின் பக்கம், நடுவிரலை மின்னோட்டத்தின் பக்கம் நீட்டினால், கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும் என்பதைக் கட்டைவிரல் காட்டிவிடும். அவ்வளவுதான்.

நாத்தனார் வாயால் கேட்டபோதெல்லாம் டாண் டாண் என்று சொன்னேன். எழுதிக் காட்டச் சொன்னால் மட்டும் அத்தனையும் தலைகீழ்.

"கேட்டா கரெக்டா சொல்றீங்க. எழுதினா மேலங்கறதைக் கீழங்கறீங்க. என்னை வெறுப்பேத்தணும்னே பண்றீங்களா அண்ணி?"

"உன்னை வெறுப்பேத்த நான் இவ்வளவு படிக்கணுமா? சும்மா இருந்தாலே போதுமே!"

அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை.

தேர்வு யார்டு கேன்டீனில் நடந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை, வெளியிலிருந்து வந்த கண்காணிப்பாளர் ஒருவர். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே மொத்த யார்டும் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

காந்தவிசைக் கேள்விகள் வந்தன. நான் இடது கையால் எழுதுகிறவள். அந்தக் கையில் பேனா இருந்ததால், சும்மா இருந்த கையை நீட்டி விரல்களை விரித்தேன். கட்டைவிரல் கீழே காட்டியது. 'கீழே' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் ஒரு கையில் பென்சிலோடு மறு கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல் மேலே நின்றது.

ஐயோ பாவமே என்றிருந்தது. போட்டியாளர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கண்ணெதிரே ஒருவர் தப்பு செய்தால் என்னால் சும்மா இருக்க முடியாது, அதுவும் கட்டிய புருஷன் என்றால் கேட்கவே வேண்டாம். தொண்டையைச் செருமி, கட்டைவிரலைக் கீழே குத்திக் காட்டினேன். அவர் தலையாட்டினார். அடுத்த கேள்விக்கும் காட்டினேன். அதற்கும் தலையாட்டினார்.

"என்னம்மா அங்க சைகை?" கண்காணிப்பாளர் என் பேனாவைப் பிடுங்கிவிட்டார்.

"சைகை இல்ல சார், விதி! இங்க பாருங்க, இப்படிப் புலம், இப்படி மின்னோட்டம்..." என்று பேனா போன கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

கட்டைவிரல் மேலே நின்றது.

இடது கையைப் பார்த்தேன், வலது கையைப் பார்த்தேன். இத்தனை நாளும் எழுதும்போதெல்லாம் தப்பான கையை நீட்டியிருக்கிறேன். பாவம், அந்த நாத்தனார்.

கண்காணிப்பாளர் என் மேசையை முன்னால் இழுத்துப் போட்டு, என்னைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்தார். "கடைசி எச்சரிக்கை. இனிமே வாய் திறந்தாலும் சரி, கை ஆடினாலும் சரி, பேப்பர் என்கிட்ட வந்துடும்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். பேனாவைக் கீழே வைப்பது, இடது கையை நீட்டுவது, எடுத்து எழுதுவது என்று எல்லாக் காந்தக் கணக்கையும் திருத்தினேன். இந்த முறை ஒன்றுகூடத் தப்பில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. கேபின் என் கைக்கு வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது.

நான் சொன்னேன் என்பதற்காக அந்த மனுஷன் சரியாகப் போட்டதையெல்லாம் அழிக்கிறார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஏசி எனக்குத்தான். திறக்காமல்தான் இருந்தேன், கொஞ்ச நேரம். ரப்பர் நிற்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எழுந்து திரும்பி நின்று கத்தினேன். "ஏங்க! நான் காட்டினது தப்பு! எதையும் மாத்தாதீங்க! நீங்கதான் சரி!"

ஜன்னலில் யாரோ விசில் அடித்தார்கள். கண்காணிப்பாளர் என் பேப்பரை எடுத்துக்கொண்டு கதவைக் காட்டினார்.

தேர்வு முடிந்து அவர் வெளியே வரும்வரை கேன்டீன் படியில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டீங்களா?"

"எதை?"

"நான் காட்டினதுக்குத் தலையாட்டினீங்களே! ரப்பர் போட்டுத் தேய்ச்சீங்களே!"

"அதுவா? கிரேன்னு ஒரு படம் போட்டேன், ஒட்டகம் மாதிரி வந்துடுச்சு. அதை அழிச்சேன்."

"அப்ப நான் சொன்னது?"

"நீ சொன்னா தலையாட்டுவேன். அதுக்காக மாத்திடுவேனா? கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தானே?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே காந்தத்தில் மாட்டித் தூக்கியிருப்பேன். தூக்குவதற்குத்தான் கேபின் இல்லையே. அது இனி அவருடையது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தா, கேபினை வேணா நீயே வச்சுக்கோ. நான் மேனேஜர்கிட்ட சொல்லிக்கறேன்" என்றார். "உள்ள கடைசியா ஒண்ணு சொன்னியே, நீங்கதான் சரின்னு? அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லிடு."

நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஏசி, கதவு, வழுக்கை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் யோசித்தேன்.

"கேபினை நீங்களே வச்சுக்கோங்க" என்றேன்.