பந்தய நாளில் மட்டும் பிடிக்காத பிரேக்

சௌம்யாவின் சைக்கிளில் பின் பிரேக் பந்தய நாளில் மட்டும் பிடிக்காமல் போனது. மற்ற நாளெல்லாம் அது சொன்ன பேச்சைக் கேட்டது. விடியற்காலையில் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி குத்தம்பாக்கம் பக்கத்து மண் பாதைகளில் சுற்றிவிட்டு வருவாள். ஏரிக்கரைச் சரிவில் ஒற்றை விரலை லீவரில் வைத்தால் போதும், பின் சக்கரம் அடங்கி நிற்கும். பந்தயத்தன்று, அதுவும் முதல் இறக்கத்தில், அதே லீவர் வெறும் காற்றை இழுத்ததுபோல ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொள்ளும். இறக்கம் முடிந்து சமதரையில் இறங்கிப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோலக் கெட்டியாக இருக்கும்.

மண்ணூர்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு பாகம் ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். அந்தத் திறமையெல்லாம் சொந்த சைக்கிளிடம் பலிக்கவில்லை.

அந்த வருஷம் அவள் பெயர் கொடுத்திருந்தது நான்கு பந்தயங்களுக்கு. எல்லாம் ஒரே மாதிரி: முதலில் காட்டுப் பாதையில் ஓட்டம், ஓடி முடித்த கையோடு சைக்கிள். முதல் பந்தயம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதில்தான் ஆரம்பித்தது.

பழைய கல்குவாரி ஒன்றைச் சுற்றி இறங்குகிற பாதை அது. இடது பக்கம் பாறைச் சுவர், வலது பக்கம் ஒன்றுமில்லை, கீழே பச்சையாகத் தேங்கிய தண்ணீர். வளைவுக்கு முன்னால் பின் பிரேக்கை இழுத்தாள். விரல்கள் ஹேண்டில்பாரைத் தொட்டன. மறுபடி மறுபடி இழுத்தும் வேகம் குறையவில்லை. முன் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சரளைக்கல் இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் ஒன்று சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் வண்டி ஆளைத் தூக்கி முன்னால் எறியும். வளைவு நெருங்கியது. தண்ணீருக்குப் போவதைவிட முள்ளுக்குப் போகலாம் என்று அவள் கை எப்படியோ முடிவெடுத்து, பாறை ஓரத்துக் கருவேலம் புதருக்குள் வண்டியை விட்டது. உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினாள். பிறகு லீவரை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

அம்பத்தூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கன்னியப்பன் வண்டியை ஸ்டாண்டில் மாட்டி, சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாமா, நல்லாத்தான் கீது. நீயே அமுக்கிப் பாரு."

அமுக்கினாள். நல்லாத்தான் இருந்தது.

"கீழ வரும்போது பிடிக்கலண்ணே."

"பயத்துல கை நழுவியிருக்கும். வேணும்னா பிரேக் கட்டைய மாத்திட்றேன்."

கட்டையை மாற்றினார். மூன்றாவது பந்தயத்தன்று கிளம்பும் முன் வீட்டு வாசலில் சோதித்தாள், பந்தய மைதானத்தில் இறங்கியதும் சோதித்தாள். இரண்டு தடவையும் கெட்டி. ஓடிவிட்டு வந்து ஏறினாள். முதல் மேட்டைத் தாண்டி இறங்கும்போது லீவர் மறுபடியும் ஹேண்டில்பாரில் ஒட்டியது. இந்தத் தடவை வலது காலைத் தரையில் ஊன்றித் தேய்த்தே நின்றாள். ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து நாக்கு மாதிரி தொங்கியது.

அவளோடு எல்லாப் பந்தயங்களிலும் கலந்துகொள்கிற பிரசன்னா ஆவடியில் பிறந்து வளர்ந்தவன். ஷூவைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பிரேக் செருப்புல வெச்சிருக்கியா?" என்றான். பிறகு அவள் வண்டியை வாங்கி மைதானத்தில் ஒரு வட்டம் அடித்து, பின் சக்கரம் கோடு கிழிக்க நிறுத்திக் காட்டினான். "பாரு, சோக்கா பிடிக்குது. வண்டிக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் அந்தக் குவாரி மண்டையில உக்காந்துகினு கீது."

அன்றிலிருந்து அவளைப் பிடித்தது இரட்டைப் பயம். பிரேக் கெட்டது என்றால் மலையில் ஒருநாள் செத்துப்போவாள். பிரேக் நல்லது என்றால் கெட்டது அவள். பயத்தில் விரல் மடங்காமலே, மடங்கியதாக நினைத்துக்கொள்கிறாளோ? கணவன் கோகுல்நாத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பூந்தமல்லி மேம்பாலத்தில் இறங்கும்போது, இல்லாத லீவரை அவள் விரல்கள் இழுத்தன. பயிற்சி ஓட்டத்தில் சின்னச் சரிவு வந்தாலும் குதிகால் தானாகத் தரையைக் கீறியது. முன்பெல்லாம் இறக்கத்தில்தான் அவள் மற்றவர்களைத் தாண்டிப் போவாள்.

நான்காவது பந்தயம் ஆந்திர எல்லையை ஒட்டிய மலையில். மேலேயிருந்து அடிவாரம் வரை ஒரே இறக்கம், ஒரு பக்கம் முழுக்கப் பள்ளத்தாக்கு. கருவேலம் புதர் அங்கே காத்திருக்காது. போவதா வேண்டாமா என்று அவள் யாரிடமும் பேசவில்லை. போகாவிட்டால், கெட்டது பிரேக்கா தானா என்று கடைசிவரை தெரியப்போவதில்லை. போனால் ஒரு வளைவில் தெரிந்துவிடும். தெரிந்து என்ன பயன் என்பதுதான் கேள்வி.

பந்தயத்துக்கு முந்தின நாள் மதியம். கோகுல்நாத் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, பின்கட்டில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிற்கவைத்திருந்தான். டயரில் ஏறியிருந்த நெருஞ்சி முட்களை ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்து முடித்ததும் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். வண்டி அப்படியே நின்றது.

அவன் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்கு சௌம்யா செயினுக்கு எண்ணெய் விட வந்தாள். வீட்டில் அவள் வண்டியைக் கவிழ்ப்பது கிடையாது. சுவரில் சாய்த்து வைத்தே துடைப்பாள். கவிழ்ந்து நின்றது வசதியாக இருக்கவே, பெடலைக் கையால் சுற்றி எண்ணெய் விட்டாள். பின் சக்கரம் விர்ரென்று சுழன்றது. அதை நிறுத்தக் கீழே குனிந்து பிரேக் லீவரை அழுத்தினாள்.

லீவர் ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது. சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது.

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். சமதரை, வீட்டுப் பின்கட்டு, பட்டப்பகல். விழுவதற்கு இடமே இல்லாத இடத்தில், பயப்பட ஒன்றுமே இல்லாத நேரத்தில், பிரேக் பிடிக்கவில்லை.

"இங்க வாங்களேன்," என்றாள்.

கோகுல்நாத் ஈரக் கையோடு வந்து அழுத்திப் பார்த்தான். முகம் மாறியது. "இதை வெச்சுகிட்டா குவாரியில இறங்கின?"

"நிமிர்த்துங்க."

நிமிர்த்தினார்கள். முதல் அழுத்தில் லீவர் தொளதொளவென்று போனது. அவள் விடாமல் அழுத்தினாள். கொஞ்சங்கொஞ்சமாக எதிர்ப்பு வந்தது. முன் சக்கரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்து அழுத்தியதும் கல்லாகிவிட்டது. மறுபடி கவிழ்த்தார்கள், தேநீர் போட்டுக் குடித்தார்கள், வந்து அழுத்தினார்கள்: வெறும் காற்று. நிமிர்த்தி அழுத்தினார்கள்: கல். ஒரு சோதனையை ஒரே தடவை செய்து நம்புகிற பழக்கம் இன்ஸ்பெக்‌ஷன்காரர்களுக்குக் கிடையாது. மூன்றாம் முறையும் செய்தாள்.

"நம்ம தண்ணி மோட்டார் ஏர் புடிச்சுக்குமே, அந்த மாதிரி இருக்கு," என்றான் கோகுல்நாத்.

அதேதான். சாதாரண சைக்கிளில் லீவருக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் ஓடுவது கம்பி. கம்பிக்கு மேல் கீழ் தெரியாது. அதனால்தான் நம் ஊரில் செயின் கழன்றாலும் பஞ்சர் ஆனாலும் சைக்கிளைக் கூசாமல் கவிழ்த்து வேலை பார்க்கிறோம். சௌம்யாவின் மலை சைக்கிளில் கம்பிக்குப் பதில் மெல்லிய குழாய், அதற்குள் எண்ணெய். எண்ணெயை எவ்வளவு நெருக்கினாலும் சுருங்காது. இந்த முனையில் அழுத்தினால் அந்த முனையில் கட்டை போய்ச் சக்கரத்துத் தட்டைக் கவ்வும். லீவரை ஒட்டி எண்ணெய்க்கு ஒரு குட்டித் தொட்டி, தொட்டியின் அடியில் குழாய்க்குப் போகிற துளை. அவள் வண்டியின் பின் பிரேக்கில் எங்கோ கசிந்து எண்ணெய் குறைந்திருந்தது. குறைந்த இடத்தில் காற்று. வண்டி நேராக நிற்கும்வரை காற்று தொட்டியின் மேல்பக்கம் சும்மா கிடக்கும், துளையில் எண்ணெய் இருக்கும், பிரேக் பிடிக்கும். கவிழ்த்தால் துளை மேலே வந்துவிடும். காற்றும் மேலேதானே ஏறும்? துளை வழியாகக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் லீவரை இழுத்தால் நசுங்குவது அந்தக் காற்றுதான். பஞ்சு மூட்டையைக் குத்துவதுபோல, அழுத்தம் கட்டை வரை போய்ச் சேராது. நிமிர்த்தி முன் சக்கரத்தைத் தூக்கினால் தொட்டி உயரத்துக்கு வரும், அழுத்த அழுத்தக் காற்று மேலேறித் தொட்டிக்கே திரும்பிவிடும்.

அவளுக்கு எல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. மலை சைக்கிளுக்குத் தரையில் ஊன்றி நிறுத்த ஸ்டாண்ட் கிடையாது. அதனால் பந்தய மைதானத்தில் ஓடப் போகுமுன் எல்லோரும் வண்டியைக் கவிழ்த்து நிறுத்திவிட்டுப் போவார்கள். அவள் காட்டில் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க வண்டி தலைகீழாக நின்றது. சோதித்ததெல்லாம் கவிழ்ப்பதற்கு முன்னால். மற்றவர்களுடைய தொட்டி நிறைந்திருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறக்கத்தில் உயிர்ப்பயத்தில் லீவரை அழுத்தி அழுத்தி அவளே காற்றைத் திரும்பத் தொட்டிக்கு விரட்டியிருக்கிறாள். அதனால்தான் அடிவாரத்தில் கெட்டி. பிரசன்னா வட்டம் அடித்தபோதும் கெட்டி. முதல் பந்தயத்தில் மட்டும் சவுக்குக் கம்பு கட்டி, அதில் வண்டிகளைக் கவிழ்க்காமல் சீட்டால் மாட்டியிருந்தார்கள். அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை.

கன்னியப்பனுக்கு போன் போட்டாள்.

"அடடே," என்றார் அவர். "நான் ஸ்டாண்டுல நேரா மாட்டியே பாத்துக்கினு இருந்தேன். எங்கிருந்து தெரியும். ஆயில் ரொப்பணும்மா. அந்த ஆயில் நம்ம கடையில காலி, திங்கக்கெழமதான் வரும்."

"போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றான் கோகுல்நாத். "சொல்லணும்னுதான் இருக்கு."

"கவிழ்க்காம இருந்தா பிடிக்கும். பாத்தீங்கல்ல."

"பாத்தேன். இது பின்கட்டு, அது மலை."

ஆனாலும் காலையில் இருவரும் கிளம்பினார்கள்.

மலையடிவார மைதானத்தில் அவள் வண்டியைக் கவிழ்க்காமல் ஒரு வேப்பமரத்தில் சாய்த்தாள். கோகுல்நாத்தை மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஓடுகிறவர்கள் மட்டும்தான் உள்ளே. ஓட்டத்தில் ஏறும்போது மூச்சு வாங்கியது, இறங்கும்போது குதிகால் கீறியது. காரணம் தெரிந்துவிட்டால் பயம் விலகும் என்று நினைத்திருந்தாள். விலகவில்லை.

ஓடி முடித்துத் திரும்பியபோது வேப்பமரத்தடியில் வண்டி இல்லை. தேடினாள். பந்தயம் நடத்துகிறவர்கள் ஒழுங்காக இருக்கட்டும் என்று எடுத்துப்போய், மற்ற வண்டிகளோடு வரிசையாக, தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கோகுல்நாத் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் சொல்லச் சொல்ல எடுத்து வெச்சுட்டாங்க, சௌமி," என்றான். "விட்டுடலாம். வா."

பிரசன்னா அவளைத் தாண்டி ஓடிவந்து தன் வண்டியைத் தூக்கி நிமிர்த்தினான். "இன்னாக்கா நின்னுகினு? ஏறு, ஏறு."

அவள் ஏறவில்லை. வண்டியை நிமிர்த்தினாள். லீவரை அழுத்தினாள், ஹேண்டில்பாரில் போய் ஒட்டியது. முன் சக்கரத்தைத் தூக்கி இடுப்பில் முட்டுக்கொடுத்து, அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஏறிப் போனார்கள். யாரோ சிரித்தார்கள். லீவர் தொளதொளத்தது, பிறகு லேசாக எதிர்த்தது, பிறகு பாதியில் நின்றது. அவள் விடவில்லை. கடைசியில் கல்லானது. ஒருமுறை வண்டியை உருட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

ஏற்றம் முடிந்து, மலையுச்சியில் பாதை வளைந்து கீழே விழுந்தது. வலது பக்கம் மரங்களின் தலைகள் தெரிந்தன, வேர்கள் தெரியவில்லை. முதல் வளைவுக்கு வெகு முன்னாலேயே இரண்டு விரலை லீவரில் வைத்தாள். பிடிக்காவிட்டால் அவ்வளவுதான் என்று உடம்பின் ஒவ்வொரு மூட்டும் சொன்னது. இழுத்தாள்.

பின் சக்கரம் அடங்கியது.

அடுத்த வளைவிலும் அடங்கியது. அதற்கடுத்ததிலும். வளைவுக்கு வளைவு நடுங்கிக்கொண்டேதான் இறங்கினாள். நடுங்கிய விரலுக்கும் பிரேக் பிடித்தது.

அடிவாரத்தில் பிரசன்னா தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தான். "கடைசி ஆளா வந்தாலும் முழுசா வந்துட்டக்கா. பயம் போச்சா?"

"பயம் அப்படியேதான் இருக்கு. பிரேக் பிடிச்சுது."

"இன்னா பண்ண?"

சௌம்யா வண்டியை ஒரு மரத்தில் நேராகச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "திங்கக்கிழமை ஆயில் ரொப்பிடுவேன். அதுவரைக்கும் வண்டியைக் கவிழ்க்கக் கூடாது. யாராவது கவிழ்த்துட்டா, நேரா நிமிர்த்தி, முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சு, லீவர் கெட்டியாகிற வரைக்கும் அழுத்தி அழுத்தி விடணும். அப்புறம்தான் ஏறணும்."