வாசித்துக் காட்டாத வாழ்த்துமடல்

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கல்லாலையின் சங்கு ஊதிவிடும். மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையோரம் இருந்தது அந்தச் சுண்ணாம்பு மலை. மலை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பாதியை வெடி வைத்துத் தின்றாகிவிட்டது. பனி விலகுமுன்பே பெண்கள் தலைத்துணியை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு அரைவை எந்திரத்தின் முன்னால் வரிசையாகக் குந்திவிடுவார்கள். மண்ணோடு வந்து கொட்டும் குவியலில் நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் புருவம் வெளுத்துவிடும். ஒரு வருடத்தில் விரல் ரேகை தேய்ந்துவிடும்.

அவர்களில் ஒருவர் பாப்பாக்கா. நான் சன்னாசி, எடைமேடைக் கிராணி. லோரிகளை எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவன். நிழலில் உட்கார்ந்திருந்தவன் வெயிலில் குந்தியிருந்தவருக்குச் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டால் அது இன்னொரு அயோக்கியத்தனம்.

நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் லயத்து வரிசை வீடும் ஒரே மாதத்தில் போயின. நாற்பத்து மூன்று குடும்பங்கள் மலையடிவாரத்தில், ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டையின் கரையில், பலகையும் தகரமுமாக வீடு கட்டிக்கொண்டன. ஈயக்குட்டைக் கம்பம் என்று அந்தக் குடியிருப்புக்குப் பெயர் வந்தது. அது 1970. அந்த நிலத்தைக் கல்லாலை முதலாளி ஜெயபாலன் வாங்கியது 1978. இந்த இரண்டு வருடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாக்காவுக்கு எழுத்துத் தெரியாது. இந்த மண்ணிலேயே பிறந்தவர்தான். அதற்கு அத்தாட்சி இல்லாததால் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டு. அவர்தான் கம்பத்து இளவட்டங்களையெல்லாம் சேர்த்து மன்றம் தொடங்கினார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முறை வைத்து ஒரு பிள்ளையைப் பேச வைப்பார். "நீ பேசு. நான் பின்னாடி ஒக்காந்திருக்கேன்" என்பார். அப்படிப் பேசிப் பேசியே தண்ணீர்க் குழாய் வந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாத பதினொரு பேருக்கு அடையாளக் கார்டு வந்தது. மன்றத்துப் பெண் கருப்பம்மாள், தான் வேலை செய்த தையல் ஆலையில் மேற்பார்வையாளனிடமே எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்டாள்.

அக்கா எங்களுக்குப் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. "வாசிச்சுக் காட்டாத காயிதத்துல யாரும் கை வைக்காதீங்க." தோட்டத்தில் வாசிக்காத காகிதத்தில் பெருவிரல் வைத்துத்தான் லயத்தை இழந்தோம் என்பது அவர் கணக்கு.

1981இல் மன்றத்துக்குப் பத்தாம் ஆண்டு விழா. நான் செயலாளர். சமூகத் தொண்டர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், யாருக்கு என்று கூட்டத்தில் கேட்டேன்.

"இது என்ன கேள்வி, பாப்பாக்காவுக்குத்தான்" என்றாள் கருப்பம்மாள். "பத்து வருசமா நம்மள இழுத்துக்கிட்டு அலைஞ்சது அவங்கதானே."

நான் சிரித்தேன். "கல்லு பொறுக்குற பொம்பளைக்குப் பொன்னாடையா? பத்திரிகைக்காரன் படம் எடுப்பானா?"

கூட்டத்தில் நாலைந்து பேர் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் விழுகிறது. ஜெயபாலனுக்குப் போர்த்துவது என்று முடிவானது. மன்றத்துக்குக் கேரம் பலகையும் பந்தும் கொடுத்தவர் என்று காரணம் சொன்னேன். எடைமேடையிலிருந்து ஆபீசுக்குள் ஒரு மேசைக்கு மாற வேண்டும் என்கிற என் ஆசையைச் சொல்லவில்லை.

பொன்னாடை என்றால் வாழ்த்துமடல் இல்லாமலா? கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்து, கையில் கொடுப்பதுதானே நம் வழக்கம். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது பத்தி இப்படிப் போனது: 'தங்கள் நிலத்தில், தங்கள் தயவால், தாங்கள் விரும்பும் காலம்வரை தங்க இடம் தந்த தாயுள்ளமே!' வரிசையாகத் 'த' எழுத்து வந்து விழுந்ததில் எனக்கே புல்லரித்தது. அது பொய் என்று தெரியும். ஓசைக்கு ஆசைப்பட்டு விட்டுவிட்டேன்.

குடும்பத்துக்கு ஒருவர் மடலில் கையெழுத்துப் போட்டால் முதலாளி மகிழ்ந்துபோவார் என்று ஆபீசில் ஒருவர் யோசனை சொன்னார். வீடு வீடாகப் போனேன். எழுதியவன் நம் பிள்ளை என்பதால் ஒருவரும் வாசிக்கச் சொல்லவில்லை. பாப்பாக்கா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு, "படிச்சுக் காட்டு" என்றார்.

முதல் இரண்டு பத்திகளைப் படித்தேன். மூன்றாவதைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போனேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா. வாழ்த்துதானே."

பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். தேய்ந்த ரேகை சரியாகப் பதியவில்லை. நான்தான் அவர் விரலைப் பிடித்து, இன்னொரு தரம் அழுத்தினேன்.

விழாவன்று ஜெயபாலனுக்கு நான் பொன்னாடை போர்த்தியபோது பாப்பாக்கா மேடைக்குப் பின்னால் தேநீர்க் குவளை கழுவிக்கொண்டிருந்தார். படம் பத்திரிகையில் வந்தது. அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

மூன்றாம் மாதம் நோட்டீஸ் வந்தது. கம்பம் இருக்கும் இடத்தில் கடைவீடுகள் வரப்போகின்றன. பதினாலு நாளில் காலி செய்ய வேண்டும். நாங்கள் நில அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அதிகாரி இரு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிட்டார். அன்று கருப்பம்மாளின் முறை. ஜெயபாலன் வாங்குவதற்கு எட்டு வருடம் முன்பே குடியேறியவர்கள் நாங்கள், மாற்று இடம் தராமல் எழுப்ப முடியாது என்று மலாய் மொழியில் தெளிவாகப் பேசினாள். அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது ஜெயபாலன், துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றைப் பிரித்து மேசைமேல் வைத்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் என் வாழ்த்துமடல். பக்கத்தில் மலாய் மொழிபெயர்ப்பு. மூன்றாவது பத்திக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"நாங்க எழுபதுலேருந்து இருக்கோம் முதலாளி. அப்ப நீங்க இந்தப் பக்கமே வரலையே!" என்றாள் கருப்பம்மாள்.

"நீங்களேதானேம்மா எழுதிக் குடுத்திருக்கீங்க. என் நிலம், என் தயவு, நான் விரும்புற வரைக்கும். இப்ப நான் விரும்பல."

"அது வாழ்த்துலா!"

"வாழ்த்துன்னா பொய்யா எழுதுவீங்க?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நம்ம சன்னாசி எழுதினது. நல்ல தமிழ்."

அதிகாரி கையெழுத்துகளைப் பார்த்தார். "இது நீங்கள் வைத்ததா?" என்று முதல் ரேகையைக் காட்டிக் கேட்டார். இரண்டு தரம் அழுத்தி மங்கியிருந்த அந்த ரேகையைப் பாப்பாக்கா குனிந்து பார்த்தார். "ஆமாங்க" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது. பத்து நாள் கழித்து மறு விசாரணை, வேறு அத்தாட்சி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று எங்களை அனுப்பிவிட்டார் அதிகாரி.

திரும்பி வந்த பஸ்சில் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் சங்கு ஊதுமுன்பே கல் குவியலுக்குப் போனேன். அக்கா தலைத்துணி கட்டிக்கொண்டிருந்தார்.

"மூணாவது பத்திய வேணும்னுதான் படிக்காம விட்டேன் அக்கா. கேட்டா பொய்யின்னு சொல்லுவீங்கன்னு தெரியும்."

அவர் கல்லைப் பொறுக்கத் தொடங்கினார்.

"எனக்கு எழுத்து தெரியாது. அதுல எனக்கு வெக்கம் இல்ல. தெரிஞ்சவன் ஒருத்தன் நம்மகூட இருக்கான்னு நெனச்சேன் பாரு, அதுக்குத்தான் வெக்கமா இருக்கு."

"என்னைத் திட்டுங்கக்கா."

"திட்டிட்டா ஒனக்கு லேசாப் போயிடும். சாயங்காலம் குழாயடிக்கு வா. எனக்குப் படிக்காம விட்டத எல்லாருக்கும் படி."

நோட்டுப் புத்தகத்தில் நகல் இருந்தது. குழாயடிச் சிமெண்டுத் தளத்தில் நின்று, நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கு முன்னால், ஒரு வரி விடாமல் படித்தேன். மேடையில் இதே வரிகளுக்குக் கைதட்டல் வந்தது. இங்கே குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. 'தங்கள் தயவால்' என்று வந்தபோது, மலையில் வெடிக்குழி போடும் பிச்சைமுத்து அண்ணன் இரண்டு விரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டினார்.

"இதுவும் அவரு தயவுலதான் போச்சு. அதையும் சேத்து எழுதியிருக்கலாம்லா."

யாரோ சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். "இவன மொதல்ல மன்றத்த விட்டு நீக்குங்க!" என்று ஒரு குரல் வந்தது. நீக்கினால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன்.

"நீக்கறத அப்புறம் பாப்போம்" என்றார் பாப்பாக்கா. "எழுதினவன்தான் போயி நின்னு, பொய்யா எழுதினேன், படிச்சுக் காட்டலன்னு சொல்லணும். வேற யாரு சொன்னாலும் எடுபடாது."

வீட்டுக்குப் போய் ஒரு பழைய மைலோ பானத்தூள் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே மடித்த காகிதம் ஒன்று. குழாய் கேட்டு நாங்கள் அனுப்பிய மனுவுக்கு வந்த பதில். ஈயக்குட்டைக் கம்பத்து மக்களுக்கு என்று விலாசம் போட்டு, 1974 தேதியும் முத்திரையும் இருந்தது. ஜெயபாலன் நிலம் வாங்குவதற்கு நாலு வருடம் முன்பு. பின்னால் மனுவின் நகலையும் குத்தி வைத்திருந்தார். பள்ளிக்கூடச் சட்டையோடு நான் எழுதியது. அக்கா மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விரல் வைத்தார்.

"இதுவும் ஒன் எழுத்துதான்" என்றார். "இத எடுத்துக்கிட்டுப் போ."

"விசாரணை அன்னிக்கு ஒருத்தரும் மலைக்குப் போறதில்ல. எல்லாரும் ஈப்போவுக்கு" என்றார் பிச்சைமுத்து அண்ணன். கைகள் உயர்ந்தன. முதலில் பெண்கள் கை.

செய்தி எப்படியோ போய்விட்டது. விசாரணைக்கு முந்தின நாள் ஜெயபாலன் எடைமேடைக்கு வந்தார்.

"ஆபீசு உள்ள ஒரு மேசை காலியாவுது சன்னாசி."

"நாளைக்கு நான் லீவு முதலாளி."

"போனா திரும்பி வர எடம் இருக்காது. யோசிச்சுக்க."

"எங்க யாருக்குமே எடம் இருக்காதுன்னுதானே முதலாளி நோட்டீசு அனுப்பியிருக்கீங்க."

அடுத்த லோரிக்குச் சீட்டுக் கிழித்தேன்.

மறுநாள் நில அலுவலகத்தின் தாழ்வாரம் கொள்ளவில்லை. சங்கு ஊதியும் ஆள் வராத ஆலையை விட்டுவிட்டு ஜெயபாலனும் வந்திருந்தார். நான் அதிகாரியின் முன்னால் நின்றேன். அந்தப் பத்தி பொய், ஓசைக்காக எழுதினேன், எழுத்துத் தெரியாதவரிடம் அதை மறைத்து விரல் வாங்கினேன் என்று சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் எழுதப்பட்டது. ஜெயபாலன் முகத்தில் ஈயாடவில்லை. 1974 காகிதத்தை மேசைமேல் வைத்தேன். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தீர்ப்பு மேலிடத்தில்தான். ஒரு மாதம் ஆகலாம். அதுவரை யாரும் எதையும் இடிக்கக் கூடாது" என்றார். பிறகு பேனாவைத் திறந்தார். "உங்கள் தலைவர் யார்? பெயரும் தொழிலும் வேண்டும்."

திரும்பிப் பார்த்தேன். எப்போதும்போல் பின்னால், சுவரோரத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். புருவத்தில் கழுவியும் போகாத வெள்ளை. என்னைப் பத்தி எதுக்கு, காரியத்தைப் பேசு என்பதுபோல் கையை ஆட்டினார்.

"பாப்பா" என்றேன், தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி. "தொழில், கல் பொறுக்குவது."

யாரும் சிரிக்கவில்லை. கருப்பம்மாள் முதலில் எழுந்து நின்றாள். பிறகு பிச்சைமுத்து அண்ணன். பிறகு எல்லோரும்.