வெண்டெல் ஸூக்கின் மேடுகள்

பென்சில்வேனியாவில் ஹாக்கன்பெர்க் கேளிக்கைப் பூங்காவின் மர ரோலர் கோஸ்டர், பனிக்காலத்தில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தன்னைத்தானே மாற்றிக் கட்டிக்கொள்ளும். அதை வடிவமைத்தவர் என்று பேர் வாங்கியவர் வெண்டெல் ஸூக். முதல் வருடம் அவர் வரைந்தபடியே கட்டியபோது, அதில் ஏறிய பாதிரியார் இரண்டாவது வளைவிலேயே தூங்கிப்போனார், எழுப்பித்தான் இறக்கினார்கள். செப்டம்பரில் பூங்காவைப் பூட்டினார்கள். மே மாதம் திறந்தபோது, பாதிரியார் தூங்கிய இடத்தில் வயிற்றைக் கலக்கும் இறக்கம் ஒன்று வந்திருந்தது. பலகை, போல்ட், வெள்ளைப் பெயின்ட் என்று ஒரு குறையும் இல்லை. "சொல்லாம கொள்ளாம செஞ்சு முடிச்சிட்டியேய்யா" என்று முதலாளி ஹாக்கன்பெர்க் வெண்டெலின் முதுகில் தட்டினார். மறுக்கத்தான் வெண்டெல் வாயைத் திறந்தார். அதற்குள் பத்திரிகைக்காரர் படம் எடுத்துவிட்டதால், திறந்த வாயோடு அவர் முதல் பக்கத்தில் வந்தார்.

அதன்பின் அவர் தொழில் எளிதாகிவிட்டது. ஏப்ரல் பிறந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போய், புதிதாக முளைத்த மேடுகளை அளந்து, அதற்கேற்ப வரைபடம் போட்டு, பழைய தேதியிட்டு ஆய்வு அதிகாரியிடம் கொடுப்பார். விருதுகள் வந்தன. ஓஹையோவில் இரண்டு, இந்தியானாவில் ஒன்று என்று வெளியூர்க்காரர்களும் கூப்பிட்டுக் கட்டச் சொன்னார்கள். அந்த மூன்றும் வரைந்தது வரைந்தபடியே நின்றன. ஸூக்கின் கலையில் ஒரு நிதானம் வந்திருக்கிறது என்று கோஸ்டர் ரசிகர் சங்கத்தார் எழுதினார்கள். ஹாக்கன்பெர்க் பூங்காவில் புது மேட்டில் முதலில் மணல் மூட்டைகளை வண்டியில் ஏற்றி ஓட்டுவார்கள். அடுத்த ஓட்டத்தில் வடிவமைத்தவர் முன்சீட்டில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். வெண்டெலுக்கு நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். இடுப்பு வலி என்று சொல்லி, வருடா வருடம் ஒரு மூட்டைக்குத் தன் தொப்பியை மாட்டி முன்சீட்டில் வைத்துவிடுவார். ஜனங்கள் மூட்டைக்குக் கைதட்டினார்கள்.

"உங்களைவிட அதுக்குத் தொப்பி நல்லாத்தான் இருக்கு" என்பாள் மனைவி ஆர்டித். கோஸ்டர் பக்கத்திலேயே கடை போட்டு, மாவை எண்ணெயில் பிழிந்து சர்க்கரை தூவி விற்பவள்.

எண்பதுகளில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பூங்கா இரும்பு கோஸ்டர் போட்டது. அது ஆட்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டது. ஹாக்கன்பெர்க் பூங்காவில் கூட்டம் பாதியாகிவிட்டது. "இந்த மே மாசம் ஜனங்க வாயப் பொளக்கணும். இல்லேன்னா இதைப் பிரிச்சு வெறகுக்குப் போட்டுட்டு நானும் இரும்புக்குப் போயிடுவேன்" என்று ஹாக்கன்பெர்க் சொல்லிவிட்டார்.

வெண்டெல் பயந்தார். பயத்தின் அடியில் ஓர் ஆசையும் இருந்தது. சாவதற்குள் தன் கையால் வரைந்த மேடு ஒன்று அங்கே நிற்க வேண்டும், அதற்கு ஜனங்கள் அலற வேண்டும். கிறிஸ்துமஸ் விருந்துக்குக்கூட எழுந்து போகாமல் வரைந்தார். ஜனவரிப் பனியில் முழங்கால் புதைய நடந்துபோய் வரைபடத்தை முதல் தூணில் ஆணியடித்து மாட்டினார். "இத்தனை வருஷம் உன் இஷ்டத்துக்கு ஆடினே. இந்த ஒரு தடவை நான் சொல்றபடி கேளு" என்றார்.

அது கேட்டது. மே மாதம், அவர் வரைந்தபடியே அச்சுப் பிசகாமல் நின்றது. வெண்டெல் வாசலிலேயே அழுதுவிட்டார். ஆர்டித்தையும் இழுத்துக்கொண்டு தானே முன்சீட்டில் ஏறினார். வண்டி உச்சிக்குப் போயும் அவருக்குத் தலை சுற்றவில்லை. ஏதோ கோளாறு என்று அப்போதே அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பெரிய இறக்கத்தில் ஆர்டித், "எண்ணெய்ச் சட்டி அடுப்பை அணைச்சேனா?" என்று கேட்டாள். அடுத்த வளைவில் வெண்டெலுக்கே கொட்டாவி வந்தது.

கீழே கூட்டம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாக்கன்பெர்க் இரும்பு கோஸ்டர் கம்பெனிக்குப் போன் போடத் திரும்பிவிட்டார். விட்டுக்கொடுக்க வெண்டெலுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வண்டியின் பக்கவாட்டுக் கட்டையில் கையை வைத்து, கீழே எல்லாருக்கும் கேட்கும்படி கோஸ்டரிடம் சொன்னார்: "எனக்கு இது வராது. எப்பவும் வந்ததில்லை. நீயே பாத்துக்க."

மரம் நெட்டி முறித்தது. பட்டப்பகலில், வண்டிக்கு முன்னால் தண்டவாளம் எழுந்து, நின்று, அப்படியே செங்குத்து இறக்கமாகக் கவிழ்ந்தது. வெண்டெல் அலறிய அலறல் அடுத்த ஊர் வரை கேட்டதாம். காலையில் தின்றதெல்லாம் சட்டையில் வந்தது.

இறங்கியதும் ஹாக்கன்பெர்க்கிடம் மன்னிப்புக் கேட்டார். "தெரியும்யா" என்றார் அவர். "நீ வரைஞ்சா இவ்வளவு நல்லா வருமா? ஊருக்கே தெரியும். பாவம், மனசு கஷ்டப்படுவேன்னுதான் யாரும் சொல்லல."

அடுத்த வாரம் வாசலில் பலகை மாட்டினார்கள். "கட்டியது: தானே. அளவெடுத்தவர்: வெண்டெல் ஸூக்." வெண்டெல் துவைத்த சட்டையோடு அதன் கீழே நின்றுகொண்டிருந்தார். வரிசையில் வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டு, முன்சீட்டுக்குத் தனி வரிசையா என்று அவரிடம் கேட்டார்கள். அவர் அந்த வரிசை இருந்த பக்கம் கை காட்டினார்.