தாவீதுக்கு மாட்டிய கோட்டு

செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் நூர்முகமது நடத்திய போட்டோ ஸ்டுடியோவுக்குள் எப்படி நுழைந்தாலும், படத்தில் எல்லோரும் அழகாகத்தான் வெளியே வந்தார்கள். அந்தப் புண்ணியம் கடையில் படம் திருத்துகிற உப்பிலியின் பென்சிலுக்கு. முகச்சுருக்கமோ அம்மைத் தழும்போ, உப்பிலி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நெகடிவின் மேல் பென்சிலால் நிரவிவிடுவார். காகிதத்தில் போட்ட அச்சில் அந்த இடம் வாழை இலை மாதிரி வழவழவென்று விழும். நரைமுடியைக் கறுப்பாக்க நெகடிவையே சின்னக் கத்தியால் சுரண்டுவதும் உண்டு. சட்டை இல்லாதவனுக்கு அச்சின் மேல் தூரிகையால் கோட்டு, டை எல்லாம் மாட்டிவிடுவார். ஐம்பதுகளில் அதற்குப் பெயர்தான் போட்டோ. படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துத் திகைத்த மாப்பிள்ளைகளின் கதைகள் ஊரில் ஏராளம்.

நூர்முகமதுவுக்கு இந்தப் பூச்சு வேலை உள்ளூரக் கசப்பு. வெளியே சொன்னால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆகவே மற்ற நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு, வெள்ளிக்கிழமையை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி சுராயாவுக்குப் பிறந்த வீடு கோவளம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை, மாமியார் வீட்டுச் சோறு இரண்டையும் முடித்துவிட்டு, பெட்டி கேமராவை வயிற்றோடு அணைத்தபடி கடற்கரைக்குப் போவார். ஆரம்பத்தில் அவரைக் கண்டதும் ஆண்கள் சட்டை தேடி ஓடினார்கள். பெண்கள் தலையை வாரிக்கொண்டார்கள். பிள்ளைகள் சலாம் வைத்து விறைப்பாக நின்றார்கள். நூர்முகமது கேமராவைத் தொடவே மாட்டார். வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடிப்பார், ஊர் வம்பு கேட்பார். மாப்பிள்ளை பாய் எல்லோருக்கும் அலுத்துப்போய், மணலில் மேய்கிற காக்கையைப் போல அவரை யாரும் திரும்பிப் பார்க்காத நிலை வந்த பிறகுதான் அவர் வேலை தொடங்கும். மாமல்லபுரத்துக்குப் போனாலும் இதே கதைதான். கல் ரதங்களுக்கு முன்னால் நிற்கும் துரைமார்களை விட்டுவிட்டு, அவர்களுக்கு இளநீர் சீவுகிறவளின் கையைப் படம் எடுத்துக்கொண்டு வருவார். அந்த நெகடிவுகள் உப்பிலியின் பக்கமே போகாது. உள்ளது உள்ளபடி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று சுராயா தலையில் அடித்துக்கொள்வாள். காசுக்கு ஆகாத அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் கடைசிக் காலம் வரை அவருக்கு மனசு குளிர்ந்துபோகும்.

தாவீதும் அந்த டின்னுக்குள்தான் இருந்தான். கோவளத்துக் கட்டுமரக்காரன். ஐம்பத்தைந்து ஐப்பசியில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மரம் மட்டும் கரை ஒதுங்கியது, உடல் கிடைக்கவில்லை. மீன் விற்கிற அவன் மனைவி ஜெசிந்தா, பஸ் ஏறி ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

“பாய், எங்க வூட்டுக்காரரை எப்பனா புடிச்சிருக்கியா? முப்பதாம் நாள் பூசைக்கு வைக்கணும். கடைசியா மூஞ்சியக்கூட பாக்கல. ஒரே ஒரு படம் இருந்தா போதும்.”

நூர்முகமது டின்னைக் கொட்டித் தேடினார். தாவீதின் முதுகு இருந்தது, வலைக்குள் குனிந்த தலை இருந்தது. முகம் தெரிகிற நெகடிவ் ஒன்றே ஒன்றுதான். அதிலும் அவன் உடைந்த முன்பல் தெரிய, நெற்றி நரம்பு புடைக்க, வாயை ஆவென்று பிளந்து யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். யாரையோ வைகிறான் என்றுதான் நூர்முகமது நினைத்தார். எடுத்த நாளில் அவர் ஆசை ஆசையாகப் பார்த்த படம் அது. இப்போது மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றப்போகிறார்கள் என்றதும் மனசு தடுமாறியது. சாமியாரும் சொந்தபந்தமும் வந்து நிற்கிற இடத்தில், பாவம், அந்தப் பெண்ணின் புருஷன் வாயைப் பிளந்துகொண்டா இருப்பது? வெள்ளிக்கிழமை நெகடிவ் ஒன்றை முதன்முதலாக உப்பிலியின் மேசையில் வைத்தார்.

“வாயை மூடிடுங்க உப்பிலி. கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்.”

“கவலையை விடும் பாய். கலெக்டர் மாதிரி பண்ணிடறேன்.”

சொன்னபடியே செய்தார். பிளந்த வாயைப் பென்சிலால் நிரவி, அச்சின் மேல் மெல்லிய உதடு எழுதினார். நெற்றி சமமாயிற்று, தலைமுடி கறுத்துப் படிந்தது. இடுப்புத் துணியோடு நின்றவனுக்குக் கறுப்புக் கோட்டும் வந்துவிட்டது.

ஜெசிந்தா படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். பார்த்தாள். திருப்பி, அட்டையின் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

“இது யாரு பாய்?”

“தாவீதுதான், தங்கச்சி.”

“இல்ல, யாரோ ஆபீசரு இது. மாத்திக் குடுத்துட்டீங்க.” சரியான படம் உள்ளே இருந்து வரும் என்று அவள் காத்திருந்தாள். உப்பிலி தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்ததும் வேறு படம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. “அப்ப அவரு மூஞ்சி எங்கியுமே இல்லியா? எனக்கே மறந்துகினு வருது பாய். கண்ண மூடினா வரமாட்டேங்குது.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டது. நெகடிவில் பட்டது பென்சில் என்றால் துடைத்துவிடலாம். கத்தியால் சுரண்டியதை ஆண்டவன்தான் திருப்ப முடியும்.

“கத்தி வெச்சீங்களா உப்பிலி?”

“வாய்க்குப் பென்சில்தான் பாய். தலையிலேதான் கொஞ்சம்...”

நூர்முகமது ஜன்னல் வெளிச்சத்தில் நெகடிவைப் பிடித்து, டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். நல்லது செய்கிறேன் என்று ஒருவனின் முகத்தையே அழிக்கப் பார்த்தோமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. பஞ்சில் கரி ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு இருட்டறைக்குள் போய், பென்சிலும் தூரிகையும் படாத அச்சு ஒன்றை எடுத்து, கழுவுகிற தண்ணீர்த் தட்டோடே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள்.

“காதோரம் நரை இருக்குமே, எங்க?”

“கத்தி பட்டுடிச்சு, தங்கச்சி. அது இனிமே வராது” என்றார் நூர்முகமது. பொய் சொல்ல மனம் வரவில்லை. “யார் மேலயோ கோவமா இருந்திருக்கான். அதனாலதான் வாயை மூடச் சொன்னேன்.”

“கோவமா? போ பாய்!” கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமலே சிரித்தாள். “அலை சத்தத்துல காதுல வுழாதுன்னு, கரைக்கு வந்ததும் இப்டித்தான் தொண்ட கிழிய என்னியக் கூப்புடுவாரு. கூடைய எடுத்துகினு வாடின்னு. நான் எங்கனா வாயடிச்சிகினு நின்னுருப்பேன்.”

இன்னும் குனிந்தாள். அவள் மூச்சில் தட்டுத் தண்ணீர் லேசாக அசைந்தது.

“இதோ வந்துகினே கீறேன்யா” என்றாள்.

பழக்கத்தில் வாய் கொடுத்த பதில் அது. சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. மரம் மட்டும் கரை ஒதுங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், தட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.